அணைத்து வைத்த பெட்டி

எண்ணூர்
வியாழக்கிழமை

அன்பு மகன் வெற்றிக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை மோகனா எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், பஹ்ரைனில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் நான் சொல்லி முடிப்பதற்குள் நீ கோபத்தில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் இந்தக் கடிதம். மோகனா படம் எடுத்து அனுப்புவாள், பொறுமையாகக் கடைசி வரை படி.

உன் நைனா கடலுக்குப் போய் இன்றோடு பதினாறு நாள். காசிமேடு வரை தேடியாகிவிட்டது, உடலும் கிடைக்கவில்லை. பூமாரி அத்தை வந்து, இன்னும் எத்தினி நாளுக்குப் பொட்டு வச்சிகினு இருப்பே என்று கேட்டாள். பொட்டை நான் எடுக்கவில்லை.

போன புயலில் டவரெல்லாம் விழுந்து நான்கு நாள் போன் இல்லாமல் கிடந்தோமே, அதற்குப் பிறகு ஒரு குழு வந்து படகுக்கு ஒன்றாக ரேடியோப் பெட்டி கொடுத்தது உனக்குத் தெரியும். சிம் வேண்டாம், டவர் வேண்டாம், லைசென்சும் வேண்டாம் என்றார்கள். போனில் தட்டுகிற செய்தியை ஒரு பெட்டி வாங்கி அடுத்த பெட்டிக்குத் தள்ளும், அப்படியே படகுக்குப் படகு தாண்டித் தண்ணீர்த் தொட்டி மேலே கட்டியிருக்கிற கரைப் பெட்டிக்கு வந்து சேரும். எந்தப் படகு எங்கே நிற்கிறது என்று புள்ளி புள்ளியாகவும் காட்டும். அன்றைக்கு நைனா எல்லோரையும் தாண்டி வெளியே போயிருந்தார். அவருக்கும் கரைக்கும் நடுவில் என் தம்பி, உன் ஜெயக்கொடி மாமா படகு மட்டும்தான். காலை ஏழு மணி இருக்கும், மாமாவின் புள்ளி அணைந்துவிட்டது என்று மோகனா சொன்னாள். எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. புள்ளி அணைந்தால் மீன் மேல் நிற்கிறான் என்று அர்த்தம். ஐஸுக்குச் சொல்லிவிட்டு, அவன் மீனை ஏலம் விட அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனேன். அந்த நேரத்தில்தான் காற்று கிளம்பி நைனா படகில் என்ஜின் நின்று, தண்ணீர் ஏறியிருக்கிறது. கூடப் போன அர்ஜுன் மூன்று முறை செய்தி தட்டினானாம், நடுவில் மாமாவின் பெட்டி அணைந்து கிடந்ததால் மூன்று முறையும் போகவில்லை என்றே வந்ததாம். காலி கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தவனை மறுநாள் வேறு படகு தூக்கியது. நைனா எப்போது கையை விட்டார் என்று அவனுக்கே தெரியவில்லை.

மாமா வூட்டுப் படிய மிதிச்சா நான் உனக்குப் புள்ளயே இல்ல என்று நீ சொன்னாய். ஊரும் அப்படித்தான் பேசுகிறது. ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து, ஒரு வருடம் மாமா படகு கடலில் இறங்கக் கூடாது, யாரும் அவனோடு பேசக் கூடாது என்று முடிவு செய்யப் போகிறார்கள். அவன் சோறு தின்பதில்லை, விடிந்தால் படகை எடுத்துக்கொண்டு நைனாவைத் தேடப் போகிறான்.

வெற்றி, அந்தப் பெட்டியை அணைக்கச் சொன்னவள் நான். பங்குனியில் அவன் காணாங்கெளுத்திக் கூட்டம் ஒன்றைப் பிடித்தபோது, புள்ளியைப் பார்த்துப் பதினோரு படகு வந்து சூழ்ந்துகொண்டது. எல்லோரிடமும் அதே மீன் இருந்ததால் அன்றைக்கு ஏலத்தில் என் கூடையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த ஆத்திரத்தில், இன்னாடா ஊருக்கே பந்தி போடுறியா, மீன் மேல நிக்கிறப்போ அத்த அணைச்சு வையி என்றேன். அக்கா, அது ஆபத்துக்குக் குட்த்தது என்றான். ஆபத்து வந்தா பாத்துக்கலாம் போடா என்று திட்டினேன். அதற்குப் பிறகுதான் அணைக்க ஆரம்பித்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும். இத்தனை பேர் காறித் துப்பியும் என் பெயரை அவன் வெளியே விடவில்லை. பதினாறு நாளாக நானும் வாயைத் திறக்கவில்லை. இதைக் கேட்டு மோகனா பேனாவை வைத்துவிட்டாள். எழுதுடி என்று நான்தான் சொன்னேன்.

பஞ்சாயத்தில் எழுந்து சொல்லப் போகிறேன். ஊர் எனக்கு என்ன செய்யுமோ செய்யட்டும். ஊர் சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு. மாமாவை இனி ஒன்றும் சொல்லாதே, என்னைச் சொல்.

கடலம்மா உன்னைக் காக்கட்டும், நீ நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். மறந்துவிடாதே, பஞ்சாயத்து காலை பத்து மணிக்கு. முடிந்ததும் போன் செய்வேன்.

இப்படிக்கு
உன் அம்மா பச்சையம்மா

அண்ணா, அம்மா சொன்னதில் ஒரு வார்த்தையும் நான் விடவில்லை. ஞாயித்துக்கெழம போன எடுண்ணா.
மோகனா