நீதிபதியின் பூட்ஸ்

செப்டம்பர் 26, ஞாயிறு

எங்கள் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியின் பட்டியலை ஒட்டிவிட்டார்கள். வழக்கம்போல் சாயங்காலம் ஆறு மணிக்கு, கூட்ட அறைக் கதவுக் கண்ணாடியில். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள்: முதலில் கார்டெல் விட்ஃபீல்ட். இரண்டாவது டாரியஸ் ஹக்கபி, அதாவது நான். மூன்று வருஷமாக இதே இரண்டு பெயர், இதே வரிசை. அவனுக்கு மூச்சு வாங்கினால் நான் உள்ளே போகலாம். அவனுக்குத்தான் மூச்சே வாங்காதே.

இரண்டு பேருக்கும் ஒரே அறை வேறு. வந்ததும் என் தட்டிலிருந்து ஒரு கோழித்துண்டை எடுத்துக் கடித்துக்கொண்டே, "உனக்கும் நேரம் வரும் மச்சான்" என்றான். நிஜமாகவே சொல்கிறான், அதுதான் கொடுமை. கெட்டவனாக இருந்து தொலைத்தால் நிம்மதியாக வெறுக்கலாம். நல்லவனாக வேறு இருக்கிறான்.

செப்டம்பர் 28, செவ்வாய்

வரலாற்று வகுப்புக்குக் கட்டுரை எழுத வேண்டும். சோம்பேறித்தனமாக நீதிபதி டார்வரையே எடுத்தேன். தினமும் பார்க்கிற சிலைதானே.

மைதானத்துக்கு நிலம் கொடுத்த மகான். உடை மாற்றும் அறையிலிருந்து மைதானத்துக்குப் போகிற சுரங்கப்பாதை வாசலில் வெண்கலமாக நிற்கிறார். உள்ளூரில் ஆட்டம் என்றால் வெளியே ஓடும்போது ஒவ்வொருவனும் அவருடைய இடது பூட்ஸைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எண்பது வருஷமாகத் தொட்டுத் தொட்டு அந்த ஒரு பூட்ஸ் மட்டும் தங்கமாகப் பளபளக்கிறது. முதல் வருஷம் வந்ததும் முதலில் கற்றுத்தருவதே அதைத்தான், பந்து அப்புறம்.

மாநில ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். மூன்று நாளாகக் கண் எரிய எரியப் படித்தேன். நீதிபதி தண்டனை கொடுத்த ஆட்களெல்லாம் போன இடம் அவருடைய சொந்தத் தம்பியின் மரமறுக்கும் முகாம். நிலத்தை விடுகிற மாதிரி கைதிகளைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். ஆள் பெயர், வயது, குற்றம், எல்லாம் அழகான கையெழுத்தில்.

மூன்றாம் பக்கத்தில்: எஸெல் ஹக்கபி. வயது இருபத்துமூன்று. குற்றம்: வேலையில்லாமல் திரிந்தது. இரண்டாம் குளிர்காலத்தில் காய்ச்சலில் இறப்பு.

அம்மாவுக்கு போன் போட்டேன். அந்த வரியைப் படித்துக் காட்டினேன். அப்புறம், "உங்கப்பாவோட தாத்தா கைக்குழந்தையா இருக்கறப்போ அவரோட அப்பா ரோட்டுல நடந்து போனாராம். திரும்பி வரவே இல்லையாம். வேற பொம்பளகூடப் போயிட்டாருன்னு ஊரே பேசிச்சாம் கண்ணு" என்றாள்.

என் எள்ளுத்தாத்தா. நூறு வருஷத்துக்கு மேலாக ஓடிப்போனவர் என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தவர். அவரை அனுப்பியவனுடைய பூட்ஸை மூன்று வருஷமாக நான் தொட்டுத் தொட்டு —

கார்டெலிடம் காட்டினேன். மூன்று தடவை படித்தான்.

"நீ இதச் சொல்லணும்டா."

"சொல்லிட்டு? பட்டியல்லேர்ந்தே காணாமப் போகவா?"

"அப்ப நான் சொல்லட்டுமா? உன் பேரு வராது."

"என்னமோ பண்ணு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன். சொன்னது நான்தான். பின்னால் நானே மறுத்தாலும் மறுப்பேன்.

அக்டோபர் 2, சனி

தொடவில்லை அவன். எனக்கு முன்னால்தான் போனான். கையைக் கீழே போட்டபடி, நிமிர்ந்து, சிலை அங்கே இல்லவே இல்லை என்பது மாதிரி. நான் தொட்டேன். பழக்கம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் உள்ளே போய் நூற்று எழுபது கெஜம் ஓடினான் படுபாவி. ஆட்டம் முடிந்ததும் கேமராக்களின் முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். முகாம், குத்தகை, பதிவேடு. "எஸெல்னு ஒருத்தர், வயசு இருபத்துமூணு" என்றான். ஹக்கபி என்று சொல்லவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றிவிட்டான். அதுவும் எனக்கு எரிகிறது.

கோச் ஸ்டாம்பரின் முகம் உரித்த பீட்ரூட்.

அக்டோபர் 3, ஞாயிறு

நாடு முழுக்க அவன் படம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை, சாவு வீட்டில் பிணம், எங்கே போனாலும் நடுவில் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

வரலாற்று வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிற சிமோன் இன்றைக்கு முதல்முறையாக அவளாக வந்து பேசினாள். "கார்டெல் எவ்ளோ ஆழமாப் படிச்சிருக்கான் பாரேன்!" என்றாள்.

ஆமாம். ரொம்ப ஆழமாக.

ஆறு மணிக்குக் கதவில் பட்டியல் இல்லை. இப்படி நடந்ததே இல்லை.

அக்டோபர் 4, திங்கள்

கோச் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் அவருக்கு உயரமான நாற்காலி, எங்களுக்கு ஒரு தோல் சோபா. உட்கார்ந்தால் அமுங்கி முழங்கால் மார்புக்கு வந்துவிடும். அங்கிருந்து அவரை அண்ணாந்துதான் பார்க்க முடியும். இனிப்புத் தேநீர் கொடுத்தார்.

"அம்மா எப்படி இருக்காங்க? அவங்க பண்ற பீச் பழப் பலகாரம் இன்னும் நாக்குல நிக்குதுப்பா."

"நல்லா இருக்காங்க சார்."

"நான் யாரு வாயையும் கட்டறவன் இல்ல, டாரியஸ். அவனவன் கருத்து அவனவனுக்கு. ஆனா அத என் சுரங்கப்பாதைக்குள்ள கொண்டுவரக் கூடாது. கார்டெலுக்குக் கணுக்கால்ல வலி. சனிக்கிழமை நீதான் முதல்ல இறங்கற."

கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தேன்.

"முடிஞ்சதும் பத்திரிகைக்காரனுங்க வருவாங்க. நம்ம பையங்கள்ல யார் பேசணும்னு நான்தான் சொல்லுவேன், தெரியும்ல? நீ பேசு. அது வெறும் பூட்ஸுதான்னு சொல்லிடு. போதும்."

"சரி சார்."

யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. பொய் எழுதி என்ன பிரயோஜனம், வெளியே வந்து படிக்கட்டில் இரண்டு இரண்டு படியாகக் குதித்து இறங்கினேன்.

அக்டோபர் 5, செவ்வாய்

முதலில் டாரியஸ் ஹக்கபி. முதலில்! போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். "ம்" என்று மட்டும் பதில்.

பயிற்சியில் லேத்தம், எங்கள் முன்வரிசைக் குண்டன், எனக்கு வழி திறந்துவிடுகிற ஆள், கார்டெலைப் பார்த்து, "எந்தக் காலு வலிக்குதுன்னு கோச் சொல்லிட்டாரா, இல்ல நீயே ஒண்ணப் பாத்து எடுத்துக்கணுமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கார்டெலும் சிரித்தான். அப்புறம் என்னிடம் வந்து, "கலக்குடா" என்று தோளில் தட்டினான்.

பட்டியலில் மேலே நான். மனசுக்குள் மட்டும் ஏன் இன்னும் அவனுக்குக் கீழேயே நிற்கிறேன்?

அக்டோபர் 9, சனி

தொட்டேன். விரல் நுனியால் இல்லை, முழு உள்ளங்கையும் வைத்து. கோச் பார்த்துக்கொண்டு நின்றார்.

நூற்று முப்பத்தொரு கெஜம். இரண்டு தடவை எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்தேன். அறுபதாயிரம் பேர் என் பெயரைக் கத்தினார்கள். இதற்காகத்தானே பன்னிரண்டு வயதிலிருந்து முட்டி தேய்ந்தது.

அப்புறம் பேட்டி. வெறும் பூட்ஸ்தான் என்று சொன்னேன்.

"அப்ப அந்த எஸெல்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அந்தாளு யாருன்னு எனக்குத் தெரியாது."

இதைச் சொல்லச் சொல்லி கோச்கூடக் கேட்கவில்லை. நானாகப் போட்டுக் கொடுத்த இனாம்.

அக்டோபர் 10, ஞாயிறு

அம்மா போன் செய்தாள். "அந்தாளை உனக்குத் தெரியாதா கண்ணு?" அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அக்டோபர் 13, புதன்

வானொலியில் கார்டெல். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டதற்கு, "நான் கண்டுபிடிக்கல. என் நண்பன் ஒருத்தன். அது அவன் வீட்டுக் கத, பேர அவன்தான் சொல்லணும்" என்றானாம். "எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை!" என்று சிமோன் கண் கலங்குகிறாள். அவன் ஒளித்து வைத்தாலும் புகழ் அவனுக்கு. நான் ஒளிந்துகொண்டால் நான் கோழை. அதிலும் தப்பில்லை, கோழைதான்.

ஆனால் சாயங்காலம் பார்த்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிர்ச் சுவரில் ஓவிய மாணவர்கள் எஸெலை வரைந்திருக்கிறார்கள். இரண்டாள் உயரம். தோளில் கோடரி. யாரும் பார்த்திராத முகம், படமே இல்லாத முகம். அதற்கு யாருடைய முகத்தை வைத்திருக்கிறார்கள்? கார்டெலுடைய முகத்தை! அந்தக் கன்னக்குழிகூட அப்படியே!

என் எள்ளுத்தாத்தாவுக்கு அவன் மூஞ்சியா? எங்க வீட்டு ஆளுக்கு? முதல் இடம் அவனுக்கு, கைதட்டல் அவனுக்கு, தைரியம்னு ஒண்ணு இருந்தா அதுவும் அவனுக்கே — செத்துப்போன எங்க தாத்தாவையும் அவனே எடுத்துக்கணுமா? அந்தப் படத்துக்கு முன்னால் பேருந்தைக் கோட்டைவிட்டு நின்றேன்.

அக்டோபர் 16, சனி

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

இன்றைக்கும் தொட்டேன். இன்றைக்கும் ஜெயித்தோம். கோச் மறுபடி என்னைத்தான் பேசச் சொன்னார். அதே பெண் அதே கேள்வி: கார்டெலின் எஸெலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

கார்டெலின் எஸெல்.

"அவர் பேரு எஸெல் ஹக்கபி" என்றேன். "என் எள்ளுத்தாத்தா. கண்டுபிடிச்சது நான். கார்டெல் இல்ல, நான். அந்தச் சுவத்துல இருக்கற மூஞ்சியும் தப்பு. எங்க வீட்டு மூக்கு வேற."

அந்தப் பெண் மைக்கை இன்னும் கிட்டே நீட்டினாள்.

"அப்புறம் ஏன் பூட்ஸைத் தொட்டீங்க?"

"பட்டியல்ல மேல வரணும்னு. வெறும் பூட்ஸுன்னு சொல்லச் சொன்னதும் கோச்தான். கார்டெலுக்குக் காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் காலைவிட நல்லா இருக்கு."

கதவோரம் நின்ற கோச் வெளியே போனார். கதவைச் சாத்தும் சத்தம்கூட இல்லை.

தைரியசாலி என்கிறார்கள். போன் அடித்து ஓயவில்லை. அம்மா அழுகிறாள், சந்தோஷத்தில். தைரியமாவது மண்ணாவது! வயிற்றெரிச்சல். சுத்தமான, கலப்படமில்லாத வயிற்றெரிச்சல். இந்த நோட்டுக்காவது உண்மை தெரிந்திருக்கட்டும்.

அக்டோபர் 17, ஞாயிறு

பட்டியலில் முதலில் முதல் வருஷப் பையன் ஒருவன். இரண்டாவதாக இன்னொருவன். எங்கள் இருவர் பெயரும் தனித்தாளில்: இனிமேல் பயிற்சியில் எதிரணி மாதிரி வேஷம் போட்டு ஓடி, எங்கள் ஆட்களிடமே அடி வாங்குகிற கும்பல் நாங்கள்.

கார்டெல் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏன்டா, என் மூக்குக்கு என்ன கொறச்சல்?" என்றான்.

அக்டோபர் 20, புதன்

அடி. ஐஸ் கட்டி. தூக்கம்.

அக்டோபர் 23, சனி

வெளியூர். தோல்வி. அந்த முதல் வருஷப் பையன் மூன்று தடவை பந்தை நழுவவிட்டான். சந்தோஷப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பட்டேன்.

அக்டோபர் 28, வியாழன்

மறுபடி அந்த சோபா. இந்தத் தடவை தேநீர் இல்லை.

"ரெண்டு பேர்ல ஒருத்தனத் திரும்ப எடுத்துக்கலாம்னு இருக்கேன்" என்றார் கோச். "ஒருத்தனத்தான். யார் சனிக்கிழமை அந்த பூட்ஸத் தொடறானோ அவன் இறங்குவான், சீசன் முடியற வரைக்கும். அவன்கிட்டயும் சொல்லிட்டேன். யோசிச்சுக்கிட்டிருக்கான்."

கார்டெல் யோசிக்கிறானா? அவனா?

அறையில் அவன் ஒன்றுமே காட்டிக்கொள்ளவில்லை. கால்நகம் வெட்டிக்கொண்டிருந்தான். நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் கோச் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்துவிடுமே.

அக்டோபர் 29, வெள்ளி

நான் தொடாமல் விட்டு, அவன் தொட்டுவிட்டால்? எங்கள் தாத்தாவை வைத்துப் பேர் வாங்கினது போதாதென்று, கடைசியில் பூட்ஸைத் தொட்டு என் இடத்தையும் வாங்கிக்கொண்டால்? நான் தொட்டு, அவன் தொடாமல் விட்டால்? சாகும்வரை அவன்தான் ஒசத்தி. எப்படிப் போனாலும் அவன்.

இல்லை. அவனை விடு. நீ என்ன செய்யப்போகிறாய், டாரியஸ்?

அக்டோபர் 30, சனி

சுரங்கப்பாதையில் கடைசி இரண்டு பேர் நாங்கள். அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம். முன்னால் முதல் வருஷப் பையன்கள் படபடவென்று தொட்டுக்கொண்டு ஓடினார்கள். லேத்தம் இரண்டு கையையும் கக்கத்தில் செருகிக்கொண்டு போனான். கோச் சிலைக்கு அருகில் நின்று என்னையே பார்த்தார்.

பூட்ஸ் கைக்கு எட்டுகிற தூரத்தில் வந்தது. என் கண் அதன் மேல் இல்லை, கார்டெலின் கை மேல். அந்தக் கை அசையவில்லை. ஆனால் ஒன்றை எழுதியாக வேண்டும்: அது அசையுமா அசையாதா என்று தெரிவதற்கு முன்பே நான் பூட்ஸைத் தொடாமலே தாண்டியிருந்தேன்.

ஆட்டம் முழுக்க பெஞ்சில் இருந்தோம். பாதி ஆட்டம் போனதும் என்னால் அடக்க முடியவில்லை.

"நீ தொட்டுடுவியோன்னு நெனச்சேன்" என்றேன்.

"எதுக்குத் தொடணும்?"

"கோச் சொன்னாருல்ல. தொட்டா திரும்ப எடுத்துக்கறேன்னு."

"யார்கிட்ட சொன்னாரு?"

"உன்கிட்ட. வியாழக்கிழம."

"என்னை அவரு கூப்பிடவே இல்லையேடா. மூணு வாரமா என் மூஞ்சியக்கூடப் பாக்கல."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அப்புறம் விளங்கியது. கூப்பிட்டது என்னை மட்டும். எனக்குப் பந்தை ஆசை காட்டினால் போதாது, கார்டெலின் பெயரையும் சேர்த்துக் காட்டினால்தான் தூண்டிலைக் கடிப்பேன் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று வருஷமாக என்னைப் படித்து வைத்திருக்கிறார். கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன். ஒளித்து என்ன ஆகப்போகிறது என்று கார்டெலிடம் முழுவதையும் சொன்னேன், படிக்கட்டில் குதித்தது முதற்கொண்டு.

திட்டுவான் என்று நினைத்தேன். மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உன்னையாவது கூப்பிட்டுக் கேட்டாரு" என்றான். "என்னை ஒரு தடவகூடக் கேக்கல பாரு."

திரும்பிப் பார்த்தேன். அவன் முகத்தில் பொறாமை. என் மேல். மூன்று வருஷமாக ஒரே ஒருமுறை பார்த்துவிட மாட்டோமா என்று நான் ஏங்கின முகம்.

பார்க்கச் சகிக்கவில்லை. கொறித்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளிவிட்டு, ஆட்டம் முடிகிற வரைக்கும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.