கிளப் தலைவரின் வெள்ளைக் கையுறை

வியன்னா, ஜூலை 1934

அன்புள்ள எடெல்கா,

உன் இருமல் நின்றதா? குழந்தை சுகமா? நான் நன்றாக இருக்கிறேன்.

மத்திய ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பையிலிருந்து எங்கள் கிளப் வெளியேறிவிட்டது. கவலைப்படாதே, கேட்டால் சிரிப்பாய். இத்தாலிக்காரர்களோடு மூன்று ஆட்டம் ஆடியும் சமன். அதனால் இரண்டு கிளப்களின் பெயர்களையும் சீட்டில் எழுதித் தொப்பிக்குள் போட்டார்கள்; எடுக்கும் சீட்டில் யார் பெயரோ அவர்களுக்கே வெற்றி. சீட்டெடுக்க வேண்டியவன் கேப்டன். கிளப் தலைவர் கிரைனர் குறுக்கே வந்தார்.

"நீ தள்ளுப்பா, இது காலால செய்யற வேலை இல்ல."

வெயிலிலும் கழற்றாத வெள்ளைக் கையுறையோடு எடுத்தார். சீட்டு வழுக்கி மேசையில் விழுந்தது.

"சீ, அபசகுனம்!" என்று மற்றதை எடுத்தார். அதில் இத்தாலிக்காரர்கள் பெயர். விழுந்ததில் எங்கள் பெயர்.

"அதிர்ஷ்டங்கெட்ட பசங்க!" என்று எங்களையே திட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். பந்தை ஒருநாளும் தொட்டறியாத மனுஷன்! நான் நீவிவிட்ட ஆட்டக்காரர்களின் கால்கள் நாலரை மணி நேரம் ஓடியதை ஒரு கையுறை தின்றுவிட்டது.

ஜெயித்திருந்தால் அடுத்த ஆட்டம் நம் புடாபெஸ்டில். இனி நீ என்னைப் பார்க்க ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். மிளகாய்ப் பொடியைத் தபாலில் அனுப்பிவிடு.

கால் நீவக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். குழந்தையின் புதுச் சட்டையை எனக்காக எடுத்து வைக்காதே, இப்போதே போட்டுவிடு. நான் வருவதற்குள் அது சின்னதாகிவிடும்.

உன் வில்மோஷ்