எழுதி முடித்த பதினோரு விலைகள்

மார்ச் 3, திங்கள்
எழுத்துக்கூட்டி எழுத வந்து ஏழு மாதம். எழுபத்திரண்டு வயதில் பேனா என் பேச்சைக் கேட்கிறது. மாப்பிள்ளையின் பேச்சை அவருடைய கம்ப்யூட்டர் கேட்பதில்லை. காலையிலிருந்து முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மார்ச் 4
என்ன வேலை என்று கேட்டேன். "வெப்சாக்கெட் மாமா. ஒரு தடவை கதவைத் திறந்து, இன்னின்ன உலோகத்தோட விலை வேணும்னு சொல்லிட்டா போதும். விலை மாற மாற சந்தைக்காரங்களே அனுப்பிட்டு இருப்பாங்க."

அந்தக் கதவையும் இவர் செய்யவில்லையாம். யாரோ எழுதிவைத்த ப்ரோகிராமாம், லைப்ரரி என்று அதற்குப் பேராம். அடுத்தவன் செய்த கதவைத் திறக்க ஒரு சம்பளம், ஒரு சுழல் நாற்காலி!

இந்த வேலையைக் கொடுத்த உலோகத் தரகர் வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறார். பிடித்தால் மூன்று வருட வேலை. இல்லாவிட்டால் வேறு ஊர் என்கிறாள் மகள். என் எழுத்து வகுப்பும் போகும்.

மார்ச் 5
கை பழகத் திரையைப் பார்த்து எழுதினேன். தாமிரம் என்று எழுதி விலையைத் தொடுவதற்குள் அது மாறிவிடுகிறது. ஒரு நிமிடம் ஒரு பேச்சில் நிற்காத சரக்கு. த்தூ.

மார்ச் 6
வென்றுவிட்டேன். தாமிரம் முதல் ஈயம் வரை பதினோரு விலை, அடித்தல் இல்லை. முக்கால் மணி நேரம். கை வேகம் கூடிவிட்டது.

மாப்பிள்ளையிடம் நோட்டை நீட்டினேன். "உங்க பெட்டிய முந்திட்டேன்."

நோட்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"ஒண்ணுகூட மாறலையா மாமா?"

"மாறல."

"இணைப்பு இருக்குன்னு பச்சை விளக்கு எரியுதே..."

நடுவில் இணைப்பு அறுந்திருக்கிறது. லைப்ரரி தானாகவே மறுபடி கதவைத் திறந்திருக்கிறது. இன்னின்ன விலை வேண்டும் என்று மறுபடி சொல்லத்தான் இவர் எழுதவில்லை. திறந்த வாசலில் வாயை மூடிக்கொண்டு நின்றால் எவன் கொடுப்பான்? அதற்குப் பச்சை விளக்கு வேறு.

அப்ப என் கை? வேகமே இல்லையா? சே.

மார்ச் 7, வெள்ளி
விட்டதை ராத்திரியே எழுதிச் சேர்த்துவிட்டாராம். தரகர் வருமுன் மாப்பிள்ளை இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கினார், மறுபடி சொருகினார். "மாமா, ஒரு விலை எழுதுங்க."

எழுதினேன். அடித்தேன். எழுதினேன். அடித்தேன்.

"முடியலையா?"

"முடியல."

இந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். அடுத்தவன் தோற்பதில் என்ன ஆனந்தம் பாருங்கள்.

மார்ச் 10
விலை நின்றால் திரை சிவப்பாகுமாம் இப்போது. தான் எழுதியதைத் தானே நம்பாத மனிதர், பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார். சுழலாத நாற்காலி. மூன்று வருடத்துக்கு.

ஒன்பது மணிக்கு உட்கார்ந்தேன். தாமிரம் என்று அழகாக எழுதினேன். விலை தப்பு.