நீங்கள் பார்க்காமல் விட்ட பந்து

நேற்று அலமாரியின் மேல்தட்டை ஒதுக்கும்போது உங்கள் பேஸ்பால் கையுறை என் தலையில் விழுந்தது. நல்ல காலம், மண்டை உடையவில்லை. பழந்தோலும் தேங்காய் எண்ணெயும் கலந்த அதே மணம். கையுறைக்கென்று கிளப்பில் தந்த எண்ணெயை விட்டுவிட்டு, நான் தலைக்கு வைத்திருந்த போத்தலைத் தீர்த்தவர் அல்லவா நீங்கள்! அதற்காக எத்தனை சண்டை பிடித்திருப்பேன். நேற்று அதை முகத்தோடு வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்து அழுதேன்.

தொண்ணூறுகளின் நடுவில் இத்தாலிக்கு வந்து போர்கோ வெக்கியோ என்ற பகுதியில் குடியிருந்தோம். நீங்கள் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவினீர்கள். நான் ‘சிஞ்ஞோரா’ என்று கூப்பிடும் ஓர் இத்தாலிய அம்மாவின் வீட்டில் தரை துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் பூங்காவில் கிரிக்கெட் விளையாடுவார்கள். ஒருநாள் எல்லைக்கோட்டிலிருந்து நீங்கள் எறிந்த பந்து நேரே விக்கெட்டைச் சாய்த்ததை ஒரு பேஸ்பால் கிளப்பின் பயிற்சியாளர் பார்த்துவிட்டார். எல்லோரும் ‘மிஸ்டர்’ என்று கூப்பிடும், அப்போதே தலை நரைத்த மனிதர். அப்படித்தான் நீங்கள் ‘ரிலியேவோ’ ஆனீர்கள். முதலில் எறிபவரின் தோள் களைத்த பிறகு, கடைசி நேரத்தில் இறங்கி ஆட்டத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிற வேலை.

“ரெண்டு மணித்தியாலம் வாங்கிலை குந்தியிருந்து பத்துப் பந்து எறியிறதுக்குப் பேர் உத்தியோகமோ?” என்று கேட்டேன்.

“காத்துக்கொண்டு இருக்கிறதுக்கும் சேத்துத்தான் சம்பளம், தெரியுமோ உமக்கு?” என்று சிரித்தீர்கள்.

எங்கள் வீட்டில் சிரிக்கிற ஆள் நீங்கள் மட்டும்தான். நான் தம்பியை ஊரில் புதைத்துவிட்டு வந்தவள். எரிந்து விழுவதற்கு மட்டும்தான் வாயைத் திறப்பேன். நீங்கள் எதிர்த்து ஒரு வார்த்தை கதைக்க மாட்டீர்கள், அதுவும் எனக்குக் கோபம்.

இரண்டு கோடைகள் அரைச் சம்பளத்துக்கு எறிந்தீர்கள். மூன்றாம் கோடையின் கடைசி ஆட்டத்தில் வென்றால் உங்களுக்கு முழுநேர ஒப்பந்தம் என்று மிஸ்டர் சொல்லியிருந்தார். பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டு விளையாட்டுக்காரராகவே வாழலாம். “ஒருக்கால் வந்து பாருமன்” என்று கெஞ்சினீர்கள். அன்றுதான் முதன்முதலாக மைதானத்துக்கு வந்தேன்.

நீங்கள் இறங்கும்போது நம்மவர்கள் ஓர் ஓட்டம் முன்னால். இன்னும் ஒரே ஓர் ஆளை வீழ்த்த வேண்டும். எதிரணியின் இருவர் ஓடி வரக் காத்து நின்றார்கள். அந்த நெருக்கடியில் உங்கள் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. மட்டைக்காரனின் காலடியில் பந்தைக் குத்தினீர்கள். அருமையான யோர்க்கர்! அவன் வீசினான், படவில்லை. அது அவனுடைய மூன்றாவது தவறு; மூன்று தவறினால் ஆள் அவுட்.

“அவுட்!” என்று நான் எழும்பிக் கத்தினேன். நீங்கள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினீர்கள்.

அந்த விளையாட்டில், நிலத்தில் குத்திய பந்துக்கு ஆள் உடனே அவுட் இல்லையாம், ஆட்டம் தொடருமாம். கிரிக்கெட்டில் வளர்ந்த நம் இருவருக்கும் அது அந்த நேரத்தில் எங்கே நினைவு வரும்? பந்து, மட்டைக்காரனுக்குப் பின்னால் இருந்த பிடிகாரனைத் தாண்டி வேலிவரை உருண்டது. எதிரணி தொட்டால் ஓட்டமாகிவிடும் வெள்ளைத் தட்டு, நீங்கள் ஓடிப்போய்க் காக்க வேண்டியது, ஆளில்லாமல் கிடந்தது. இருவரும் ஓடிவந்து அதைத் தொட்டுவிட்டார்கள். தோற்றோம்.

பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு வந்தேனா? “பந்தைப் பாக்காமல் அங்கை என்ன கூத்து ஆடினனீங்கள்?” என்று நான்தான் பாய்ந்தேன்.

“ஓம், என்ரை பிழைதான். கிரிக்கெட் புத்தி” என்றீர்கள்.

ஒப்பந்தம் வரவில்லை. அடுத்த கோடையில் கிளப் வேறொருவரை எடுத்தது. அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் பாத்திரம் கழுவினீர்கள். கலியாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பீர்கள். நான் கத்தியதை மட்டும் ஒருதரமும் சொன்னதில்லை. என் சத்தத்துக்குத்தான் திரும்பினீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்கள் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் அதைச் சொல்லிவிட மூன்று தரம் வாயெடுத்தேன். “தண்ணி வேணுமோ?” என்றுதான் வந்தது.

உங்கள் அடக்கப் பூசைக்கு மிஸ்டர் தடியூன்றிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஆட்டம் முடிந்ததும், ஏன் திரும்பினாய் என்று உங்களைத் திட்டினாராம். நீங்கள் சொன்ன பதிலை இன்றுவரை மறக்கவில்லையாம். அவர் இத்தாலியனில் சொன்னாலும் எனக்கு உங்கள் குரலில்தான் கேட்டது.

“என்ரை மனுசி துள்ளித் துள்ளிச் சிரிச்சுக்கொண்டு நிண்டவ, மிஸ்டர். இஞ்சை வந்த நாள் தொட்டு அவ சிரிச்சதை நான் காணேல்லை. அதைப் பாக்காமல் பந்தையோ பாக்கச் சொல்லுறியள்?”

நான் கத்தியது எனக்கு நினைவிருந்தது. சிரித்தது நினைவில் இல்லை.

கையுறையைத் திரும்ப மேலே வைக்கவில்லை. இன்று காலை என் போத்தலில் இருந்தே எண்ணெய் எடுத்து விரல் விரலாகப் பூசினேன். “இஞ்சாருங்கோ, கத்தினது நான்தான். பிழை என்ரை” என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகு உங்களுக்காக ஒருக்கால் சிரித்துப் பார்த்தேன். வரவில்லை. நாளைக்கும் சிரித்துப் பார்ப்பேன்.