ஹர்கெய்சாவுக்குப் போகும் முறைப்பாடு

கொலோன்
6.3.2005

அன்புள்ள ஆதிரையின் அப்பாவுக்கு,

இமெல்டா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் சுகமோ என்று கேட்கத் தேவையில்லை. சுகமில்லாத மனிதன் சோமாலியப் பாட்டுகள் சேகரிக்க இன்னும் மூன்று மாதம் நிற்கப்போகிறேன் என்று போன் எடுப்பானா? ஹர்கெய்சாவுக்குத் தபால் ஒழுங்காகப் போகாதாம். என்னோடு துப்புரவு வேலை செய்யும் சோமாலியப் பெண் ஹோதனின் தம்பி இந்தக் கிழமை அங்கே வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

முதலில் வீட்டு அரியண்டத்தைக் கேளுங்கோ. உங்கள் சோமாலியப் பாட்டுக் கசற்றுகள் சப்பாத்து அலுமாரியை நிறைத்து, சப்பாத்துகள் வாசலில் கிடக்கின்றன. போன சனி அந்த இரண்டு சோமாலியக் கிழவர்களும் வந்தார்கள். நீங்கள் இல்லை என்றேன். பரவாயில்லை என்று கதிரையில் இருந்து, ஒட்டகம் களவுபோன பாட்டு ஒன்றை எந்தக் குலத்தவர் கட்டினார் என்று பொழுதுபடும்வரை சண்டை பிடித்தார்கள். சீனிப் பேணி வெறுமையாகிவிட்டது. கட்டியவரின் பெயரைப் பிழையாகச் சொல்வதும் களவுதானாம், நீங்கள் திரும்பி வந்ததும் உங்கள் குறிப்பில் அதைத் திருத்த வேண்டுமாம். திரும்பி வந்ததும் என்றார்களே, எனக்குச் சிரிப்பு வந்தது.

உங்கள் பேராசிரியரும் போன் எடுத்தார். லோறன்ஸ் இல்லாவிட்டால் சோமாலிய வரலாறே எழுத ஏலாது என்பதுபோல் ஒரே புகழ்ச்சி. ஆனால் என் அண்ணன் அல்பேர்ட், எங்கட சனத்தின்ரை கதையை எழுத ஆளில்லை, உவருக்கென்ன விசரோ எண்டு ஏசினார். அகதி முகாமில் உங்களைப் பாடிப் பாடித் தேற்றியவர் ஒரு சோமாலியர், அந்த நன்றிதான் இதெல்லாம் என்று உங்களுக்காக நான் தொண்டை கிழியக் கத்தினேன். நீங்கள் என்னவென்றால் கண்டறியாத மூன்று மாதம்!

ஏப்ரல் மூன்றாம் திகதி மகளுக்கு முதல் நன்மை, முதன்முதலாய் நற்கருணை வாங்கப்போகிறாள். மறந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதையுங்கோ. போன வியாழன் கோயிலில் ஒத்திகை. பிள்ளை மெழுகுதிரி பிடிக்க, தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். ஃபாதர் தன் பெயரைக் கூப்பிட்டதும் ஆதிரை என்னைக் கேட்காமலே அல்பேர்ட் அண்ணாவை இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் நிறுத்தினாள். அப்பாவுக்கு வேலை என்று ஜெர்மன் மொழியில் ஃபாதருக்குச் சொன்னாள். அழவேயில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

அடுத்த நாள் வேலையில், வாளியும் கையுமாக நின்று, அரைகுறை ஜெர்மனில் உங்களை ஹோதனிடம் ஏசித் தீர்த்தேன். அவள் மத்தியானச் சாப்பாட்டுக்கிடையில் அதைப் பாட்டாகக் கட்டிவிட்டாள்! பெண்கள் பாடும் வகையாம், வரிக்கு வரி ஒரே எழுத்தில் மோனை. மேசையில் தாளம் போட்டு அவள் பாட, மற்றச் சோமாலியப் பெண்கள் குலவையிட்டார்கள். தொடக்கத்திலேயே, கொலோனில் இருக்கும் இமெல்டாவின் முறைப்பாடு என்று என் பெயர். அதைப் பதிந்த கசற்றும் அவள் தம்பியோடு வருகிறது. நீங்கள் தேநீர் குடிக்கும் கடையில் எல்லாருக்கும் கேட்கப் போடுவாராம். ஐயோ, வெட்கக்கேடு, வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்தேன். வாயை விட்டு வந்த பாட்டை இனி நிறுத்த ஏலாது என்கிறாள்.

பாட்டால் கேட்டவருக்குப் பாட்டால் பதில் சொல்லாவிட்டால் சபையில் தலைகுனிவு என்று, கல்யாணமான புதிதில் எனக்கு மணிக்கணக்காக விளக்கியவர் நீங்கள்தான். இனி அந்தக் கடை முழுக்க உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது சந்தோஷமோ?

ஆனால் நீங்கள் பதிற்பாட்டு அனுப்ப வேண்டாம். நல்லாய்த்தான் கட்டுவீர்கள், எனக்குத் தெரியும். ஹோதன் அதன் பொருளைச் சொல்ல நான் இளகிப்போய், சரி, மூன்று மாதம் நில்லுங்கோ என்று சொல்லிவிடுவேன். அந்தப் பயத்தில்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

மாதா துணையிருந்து உங்களைக் கூட்டி வரட்டும். பூசை காலை பத்து மணிக்கு. அண்ணாவைப் பின்வரிசை வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டேன். பிள்ளையின் இடப்பக்கம் நான் நிற்பேன். வலப்பக்கத்தில் வேறு ஒருவரையும் நிறுத்த வேண்டாம் என்று ஃபாதரிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள்
இமெல்டா