புழுங்கலரிசி நிறத்தில் ஒரு பல்

இன்று காலை நான் முதலில் செய்த காரியம், முகம் கழுவும் தொட்டியின் துளையை உள்ளங்கையால் அடைத்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தபோது முன்பல்லின் உறை கழன்று விழுந்து, தண்ணீரோடு ஒரு சுற்றுச் சுற்றியது. நல்ல வேளை, விரலிடுக்கில் அகப்பட்டது. நீ வேலை பார்த்த பல் டாக்டர் அதைக் கிரவுன் என்பார். நீ தொப்பி என்பாய்.

ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். உள்ளே கறுத்த உலோகம், வெளியே பீங்கான். தேநீரும் வயதும் சேர்ந்து என் மற்றப் பற்களெல்லாம் மஞ்சளாகிவிட்டன. இது மட்டும் எனக்கு இருபது வயதாக இருந்த நாளின் நிறத்திலேயே இருக்கிறது. ரவாங்கில் உள்ள பல் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். பழையதையே ஒட்டலாம், ஆனால் நிறம் ஒத்துப்போகாவிட்டால் புதிது செய்துவிடுவது நல்லது என்றாள் போனை எடுத்த பெண். நிறம் என்றதும் உன் குரல்தான் கேட்டது.

அப்போது நீ கோலசிலாங்கூரில் அந்தச் சீன டாக்டரிடம் உதவியாளாகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தேன். உடைந்த பல்லைக் கையால் மறைத்தபடியே பேசவும் சிரிக்கவும் பழகியிருந்தேன். விடுமுறை முடிந்ததும் வகுப்பறையில் நின்று பாடம் நடத்த வேண்டும் என்று உனக்கு எழுதியிருந்தேன். உன் பதில் ஒரே வரி: "வாயைப் பொத்திக்கிட்டு எப்படிடி பாடம் நடத்துவே? கிளம்பி வா."

டாக்டர் நரம்பை எடுத்து, மிச்சமிருந்த பல்லைச் சுற்றிலும் அரைத்துச் சிறிதாக்கினார். பிறகு, சீப்புப் போல வரிசையாக மாதிரிப் பற்கள் கோத்த பட்டையை விளக்கடியில் என் வாயருகே பிடித்து, நல்ல வெள்ளையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். நீ மலாயில் ஏதோ சொல்லி அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, என்னை வெளியே, கடை முன்னாலிருந்த அஞ்சடி நடைபாதைக்கு இழுத்துப் போனாய். மீன் வாங்கிப் போகிறவர்கள் நம்மைத் தாண்டி நடந்தார்கள்.

"சிரி," என்றாய். நான் உதட்டை மட்டும் இழுத்தேன்.

"ஒழுங்கா சிரிடி. தெரு நாய்கூட உன்னைவிட நல்லா பல்லைக் காட்டும் லா."

சிரித்துவிட்டேன். நீ ஒவ்வொரு மாதிரியாக என் பல்லோடு வைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாய். சுங்கை புரோங்கிலிருந்து வருகிற விவசாயிகளுக்கும், தோட்டத்திலிருந்து வருகிற வெற்றிலைப் பற்களுக்கும் நீதான் நிறம் பார்ப்பாயாம். விளக்கு ஏமாற்றும், வெயில் ஏமாற்றாது என்றாய். கடைசியில் ஒன்றில் விரலை வைத்தாய்.

"டாக்டரு உனக்குப் பச்சரிசி குடுக்கப் பாத்தாரு. உன் பல்லு புழுங்கலரிசிடி."

இத்தனை வருடமாக அது பொய்ப்பல் என்று ஒருவர்கூடக் கண்டுபிடித்ததில்லை. அதன் செலவுக்கு ஈடாக நீ எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் சம்பளமில்லாமல் அந்த டாக்டரிடம் அச்சு வார்த்துக் கொடுத்தாய் என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. கேட்டதற்கு, "நான்தானே ஒடச்சேன், நான்தானே கட்டணும்," என்று சொல்லி முடித்துக்கொண்டாய்.

நீ உடைக்கவில்லை.

நமக்குப் பதினேழு வயது. பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கம் நம் தோட்டத்துச் செம்மண் பாதையில், பேருந்தை விட்டு இறங்கி, உன் சைக்கிளில் லயத்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நீ மிதித்தாய். நான் பின்னால் உட்கார்ந்து, செருப்பு நுனியால் புழுதியில் கோடு இழுத்துக்கொண்டே வந்தேன். செருப்பு சக்கரக் கம்பிக்குள் போனது. அடுத்த நொடி இரண்டு பேரும் தரையில் கிடந்தோம். என் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. நீ பதறி எழுந்து, கல்லைக் கவனிக்கவில்லை, மன்னிச்சிடு என்று அழுதாய். நீ தண்ணீர் கொண்டுவர ஓடிய நேரத்தில், வார் அறுந்த செருப்பை எடுத்துக் கால்வாயில் வீசினேன். குதிகாலில் கம்பி கிழித்த காயத்தைப் பாவாடையால் மூடிக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால், வீட்டில் அடி விழும் என்ற பயம். அவ்வளவுதான்.

அடி உனக்கு விழுந்தது. உன் அப்பா அந்த வாரமே சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டார். பேருந்து நிற்கும் இடம் வரை போக உனக்கு வேறு வழியில்லை. பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு படிப்புப் போதும் என்றார். கணக்கில் என்னைவிட எப்போதும் முந்தி நின்ற நீ பள்ளிக்கூடத்தை விட்டாய். என் அப்பா என்னை ரவாங்கில் சித்தி வீட்டில் விட்டுப் படிக்க வைத்தார்.

கோலசிலாங்கூரில் அன்று நிறம் பார்த்து முடித்த பிறகு அச்சு எடுத்தீர்கள். ரப்பர்க் கிண்ணத்தில் ரோஜா நிற மாவை நீ குழைத்த வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பேருந்திலேயே முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தேன். வாயைத் திறந்தேன். மாவை வைத்து அழுத்திவிட்டாய். எனக்குக் குமட்டியது.

"மூக்கால மூச்சு விடு. கால் கட்டை விரல ஆட்டிக்கிட்டே இரு, குமட்டாது."

விரலை ஆட்டினேன். செருப்பை வாசலில் விட்டிருந்தேன். சரியாக ஆட்டுகிறேனா என்று என் காலைப் பார்த்த நீ, குதிகால் தழும்பில் கொஞ்சநேரம் பார்வையை நிறுத்தினாய். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாய். மாவு இறுகியதும் எடுத்தாய். நான் வாய் கொப்பளித்தேன். வேறு எதையெதையோ பேசினோம். உனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டதா, இல்லை நான்தான் அப்படி எண்ணிக்கொள்கிறேனா என்று இன்றுவரை தெரியவில்லை. கேட்க வாய்ப்புகள் நிறைய இருந்தன. உன் கல்யாணத்தில் இருந்தது. என் மகன் பிறந்தபோது நீ வந்து தங்கிய பத்து நாளும் இருந்தது. மருத்துவமனையில் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாலைகளிலும் இருந்தது.

உன் காரியத்தன்று உன் அம்மா என் முகவாயைப் பிடித்து, என் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்களிடம் சொன்னார்: "ஒடச்சதும் என் மகதான். கட்டிக் குடுத்ததும் என் மகதான்." நான் கையால் வாயை மூடிக்கொண்டேன்.

உறையைக் கழுவி, பஞ்சு வைத்து, ஒரு சின்னக் குங்குமச் சிமிழில் போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை இதையே திரும்ப ஒட்டச் சொல்வேன். நிறம் ஒத்துப்போகாவிட்டால் போகட்டும். நீ வெயிலில் வைத்துப் பார்த்த நிறம்.

ஆனால் அதற்கு முன்னால் நாளை ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. காலையில் பெர்ஜுந்தாய்க்குப் போகிறேன். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் உன் அம்மாவின் கண் நேரே என் வாய்க்குத்தான் வரும். கையால் மறைக்கமாட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலைக் காட்டித்தான் தொடங்க வேண்டும்.