அவள் டிராக்டருக்கு என் எலுமிச்சை உப்பு

மே 6, செவ்வாய்

இன்றும் வீட்டுக்காரர் இருட்டிய பிறகுதான் வந்தார். நேராகப் பின்பக்கக் குழாயடிக்குப் போய்க் கை கழுவினார். வாளியில் செங்கல் கரைத்த மாதிரி தண்ணீர். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிறவர் கையில் எண்ணெய் இருக்கும், துரு எங்கிருந்து வரும்?

கேட்டேன். கூடப் படித்தவளாம். கட்டியவனை விட்டுவிட்டு வந்து, செத்துப்போன அப்பாவின் நிலத்தைத் தனியாகப் பார்க்கிறாளாம். அந்த அப்பா காலத்து டிராக்டர் ஒன்று இருக்கிறதாம், கொஞ்ச தூரம் ஓடினாலே கொதித்து ஆவி கக்குகிறதாம்.

"ஏங்க, ஊர்ல மெக்கானிக்கே இல்லையா?"

"வந்து பாத்தாங்க. இன்ஜினையே பிரிக்கணும்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. மழைக்கு முன்னாடி உழுகலன்னா அவளுக்கு இந்த வருஷமே போச்சு. நான் சும்மா ஒரு கை பாக்குறேன்."

"அதுக்கு இவ்வளவு நேரமா? அப்படி என்னதான் பேசுவீங்க?"

"டிராக்டர் பத்திதான்."

டிராக்டர் பத்தி! வீட்டில் மிக்ஸி கிறீச்சென்று கத்த ஆரம்பித்து மாசக் கணக்காகிறது. அதைப் பற்றி இந்த மனுஷன் வாயைத் திறந்ததுண்டா?

மே 8, வியாழன்

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரி கேன்டீனில் காய் நறுக்கும் அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது.

"அவளா? அவளே டிராக்டர் ஓட்டுவாளாமே. நல்லா உயரமா, ஆம்பளை மாதிரி கால்சட்டை போட்டுக்கிட்டு. எதுக்கும் உன் வீட்டுக்காரர் மேல ஒரு கண்ணு வெச்சுக்கோ."

எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றுமில்லாதவள் எதற்கு டீ டம்ளர்களை அப்படிப் போட்டு உருட்டினேன் என்று தெரியவில்லை. ஒன்றில் விரிசல்.

மே 9, வெள்ளி

மிக்ஸி இன்னும் கத்துகிறது.

மே 11, ஞாயிறு

இன்று ஒரு அதிசயம். சாப்பிடும்போது அவராகவே என் வேலையைப் பற்றிக் கேட்டார். கல்யாணமான புதிதில் கேட்டதோடு சரி.

"உங்க கேன்டீன் பாய்லர்ல உப்பு படியும்ல, அத எப்படி எடுப்பீங்க?"

எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விலாவாரியாகச் சொன்னேன். எங்கள் போர்த் தண்ணீர் வெறும் சுண்ணாம்பு. பாய்லர் உள்சுவரில் ஓடு ஓடாகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் சூடாகவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். சுரண்டினால் பாத்திரம்தான் போகும், படிவு போகாது. எலுமிச்சை உப்பை, அதாவது கடையில் கிடைக்கிற சிட்ரிக் ஆசிட்டை, வெந்நீரில் கரைத்து ஊற்றி, மிதமான சூட்டில் அப்படியே ஊற விட வேண்டும். நுரை கட்டி, சத்தம் போட்டு, தானாகவே கழன்று வரும். அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டார். இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டார். எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு நிறைவு.

மே 13, செவ்வாய்

நான் ஒரு மடச்சி. முட்டாள். வடிகட்டின முட்டாள்.

சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். "உன் வைத்தியம் வேலை செய்யுது! ரேடியேட்டர்ல ஊத்தி, இன்ஜின லேசா சூடு பண்ணி விட்டோம். திறந்தா தண்ணி டீ டிக்காஷன் மாதிரி வருது. அவ அசந்தே போயிட்டா."

அசந்து போனாளாம். யாரைப் பார்த்து? பாய்லருக்குள் தலையை விட்டு, மூக்கெரிச்சலோடு, விரல் தோல் உரிந்து நான் கற்றுக்கொண்டது. அதைச் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து வாங்கிக்கொண்டு போய் அவளிடம் பேர் வாங்குகிறார். அப்போ ஞாயிற்றுக்கிழமை கன்னத்தில் கை வைத்துக் கேட்டது என்னையில்ல. அவளோட ரேடியேட்டர.

போகட்டும். எல்லாம் போகட்டும்.

மே 14, புதன்

கேன்டீன் விட்டு வரும்போது சுற்று வழியாக வந்தேன். காய்கறி வாங்க. (யாரிடம் பொய்? இது என் நோட்டுதானே? பார்க்கத்தான் போனேன்.)

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றால் கொட்டகை நன்றாகத் தெரிகிறது. சிவப்பு வண்டி, பாதிக்கு மேல் பெயிண்ட் போயிருக்கிறது. அவர் ரேடியேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துக் குனிந்திருந்தார். அவள் பின்சக்கரத்து மட்கார்டில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். உயரம்தான். அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் யாரையும் எதிர்பார்க்காதவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என்னமோ சொன்னாள். அவர் நிமிர்ந்து வாய்விட்டுச் சிரித்தார். தோள் குலுங்கும் சிரிப்பு. அந்தச் சிரிப்பு இன்னும் அவரிடம் இருக்கிறது என்பதே எனக்கு மறந்திருந்தது.

வீட்டில் அதைச் செலவு பண்ண மனசு வரவில்லை போலிருக்கிறது.

வயிறு எரிகிறது. இதற்கு வேறு நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை.

மே 16, வெள்ளி

மறுபடி சாப்பாட்டு நேரம். மறுபடி கேள்வி.

"படிவு எல்லாம் இளகிடுச்சு. இனிமே என்ன பண்றது?"

என்ன பண்ணுவது என்று எனக்குத் தெரியும். கழன்ற ஓடுகள் கீழேதான் வந்து தங்கும். மேலேயிருந்து தண்ணீர் விட்டால் இன்னும் இறுகி அடைத்துக்கொள்ளும். நான் முதல் தடவை அப்படித்தான் செய்து பாய்லர் குழாயை அடைத்துவிட்டு மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு எப்போதும் கீழ்க்குழாயில் ஹோஸைச் செருகி, தண்ணீரைத் தலைகீழாக மேலே ஏற்றுவேன். எல்லாம் மேல்வாய் வழியாகப் பொங்கி வெளியே வந்துவிடும். அப்புறம் சமையல் சோடா கரைத்து ஒரு அலசு.

"மேல தண்ணி ஊத்தி விடுங்க. தானா போயிடும்" என்றேன்.

பொய் இல்லை. பாதி.

அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். தட்டை அவரே கழுவி வைத்தார். ஏன் இன்றைக்குப் பார்த்து?

மே 20, செவ்வாய்

நடுநிலத்தில் நின்றுவிட்டதாம்! முன்னைவிட மோசமாம். மூடி துள்ளி விழுந்து ஒரே ஆவியாம். அவள் உடனே இன்ஜினை அணைத்ததால் தப்பித்ததாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நிலம் பாதி உழுதபடி கிடக்கிறதாம்.

அவர் முகம் தொங்கிப்போயிருக்கிறது. நான் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் துலக்கினேன். கேட்டால் கேட்கட்டும் என்றுதான்.

மே 21, புதன்

மேற்கே கறுத்திருக்கிறது. மழை வரும் போலிருக்கிறது.

வந்தால் எனக்கென்ன? எனக்கு நிலமா இருக்கிறது?

மூடி துள்ளி விழுந்தபோது அவர் பக்கத்தில் குனிந்திருந்தால் முகம் என்ன ஆகியிருக்கும்? அவள் முகம்தான் என்ன ஆகியிருக்கும்?

மே 22, வியாழன்

வந்துவிட்டாள். கேன்டீன் பின்வாசலுக்கு. நான் கைநிறைய எச்சில் தட்டுகளோடு நிற்கிறேன், எதிரே அவள், கால் முழுக்கப் புழுதி.

"அக்கா, நீங்கதான தையல் மெஷின்காரர் வீட்டுல?"

ஆமாம் என்றேன். காய் நறுக்கும் அக்கா கத்தியை அப்படியே நிறுத்திவிட்டாள்.

"கோச்சுக்காதீங்க. எனக்கு நேரமில்ல, அதான் நேரா உங்ககிட்டயே வந்துட்டேன். அவரு எதக் கேட்டாலும் 'இரு, வீட்டுல கேட்டுட்டு வரேன்'னுதான் சொல்வாரு. ஒவ்வொன்னுக்கும் ஒரு நாள் போகுது. போன் பண்ணித்தான் கேளேன்டான்னேன். 'போன்ல கேட்டா திட்டுவா, சாப்பிடுறப்ப கேட்டாதான் சொல்லுவா'ங்கிறாரு."

எனக்குத் தட்டுகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நான்தான் சொன்னேன்னு... சொன்னாரா?"

"பின்ன? அந்த ஆளுக்கு ரேடியேட்டர் பத்தி என்னக்கா தெரியும்? முதல் நாள் வந்து தையல் மெஷின் எண்ணெய் விட்டுப் பாக்கட்டுமான்னு கேட்டாரு. நான் சிரிச்ச சிரிப்புல அவரே சிரிச்சுட்டாரு. இப்ப உங்கள விட்டா எனக்கு ஆளில்ல. ஒரு எட்டு வந்து பாருங்க."

நாளைக்கு லீவு சொல்லிவிட்டேன். என்ன காரணம் என்று மேனேஜர் கேட்டார். பாய்லர் வேலை என்றேன்.

மே 23, வெள்ளி

காலையிலேயே போய்விட்டேன். எனக்கு முன்பே அங்கே வந்திருந்த அவர் பேந்தப் பேந்த விழித்தார். "நீயா? இங்கயா?" என்றார். தள்ளி நில்லுங்க என்றேன். நின்றார்.

அவள் ரேடியேட்டரின் மேல்குழாயையும் கீழ்க்குழாயையும் கழற்றினாள். திருகைத் தளர்த்துகிற கை என் கையைவிடக் காய்த்திருந்தது. நான் கீழ்வாயில் ஹோஸைச் செருகி, பழந்துணியால் இறுக்கச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். "திற" என்றேன். எப்போது 'நீ' போட ஆரம்பித்தேன் என்று தெரியாது, அவளும் கண்டுகொள்ளவில்லை. முதலில் ஒன்றுமே வரவில்லை. உள்ளே உறுமியது. அப்புறம் ஒரு கக்கு கக்கியது பாருங்கள்: துருச்சேறு, முட்டை ஓடு மாதிரி வெள்ளை வெள்ளையாகச் சில்லுகள், ஒரு பூச்சிக் கூடு. மூன்று பேர் மேலும் துரு. நிறுத்தி நிறுத்தி, தண்ணீர் தெளியும் வரை ஏற்றினோம். இன்ஜின் பக்கத்தையும் அதே மாதிரி.

அவர் கடைசி அலசலுக்குச் சமையல் சோடா வாங்கக் கடைக்குப் போனபோது சொல்லிவிட்டேன்.

"இத நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

அவள் துணியைப் பிழிந்துகொண்டே, "தெரியும்க்கா" என்றாள். "பாய்லர்ல தினம் வேலை பாக்குறவங்களுக்கு இது தெரியாம இருக்குமா?"

"தெரிஞ்சுமா என்னையத் தேடி வந்த?"

"உங்க இடத்துல நான் இருந்தா உப்புக்குப் பதிலா சர்க்கரையக் குடுத்து அனுப்பியிருப்பேன்."

சிரித்துவிட்டேன். வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது, சிரிப்பை மட்டும் அடக்க முடியவில்லை. அவர் சோடாவோடு வந்து, "என்ன, என்ன?" என்றார். இரண்டு பேரும் ஒன்றுமில்லை என்றோம்.

இனிமேல் போர்த் தண்ணீர் ஊற்றாதே, மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்று என்று சொல்லிவிட்டு வந்தேன். மதியத்துக்கு மேல் உழ ஆரம்பித்தாள். சூடு காட்டும் மீட்டர் ஊசி நடுவிலேயே நின்றது, சூடு ஏறவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் டிராக்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 27, செவ்வாய்

விதைத்து முடித்துவிட்டாள். இன்று நல்ல மழை. அவள் வாசலில் டிரம் வைத்திருப்பாளா என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

டிராக்டர் கிளட்ச் மிதித்து மிதித்து இடது கால் நோகிறது. இன்றைக்குத் திருப்பத்தில் வேலிக்கம்பம் ஒன்றைச் சாய்த்துவிட்டேன். "பரவால்லக்கா, அது ஏற்கெனவே சாயலாமான்னு யோசிச்சுட்டிருந்துச்சு" என்கிறாள். சிரித்துச் சிரித்து வயிறு வலி.

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. பின்பக்கக் குழாயில் கை கழுவிவிட்டு உள்ளே வந்தால் மேஜை மேல் மிக்ஸி. பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு மாட்டியிருக்கிறார். போட்டுப் பார்த்தேன், சத்தமே இல்லை. நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவராகவே செய்திருக்கிறார். சாப்பாடும் எடுத்து மூடி வைத்திருந்தது.

எதிரில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தண்ணீர் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வாராவாரம் அங்க போய் இவ்வளவு நேரம், அப்படி என்னதான் பேசுவீங்க?"

"டிராக்டர் பத்திதான்" என்றேன்.

நம்பின முகமாகத் தெரியவில்லை.